மீட்டரில் பூஜ்யம் வந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டிக்கு வேண்டிய தண்ணீரை வீட்டிலேயே சுத்திகரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும், பவளமும் இறாலும் வளர்ப்பவர்களுக்குத் தமிழில் படிக்க இதுபற்றி அதிகம் கிடைப்பதில்லை. ஆர்ஓ (தண்ணீரை அழுத்தத்தால் ஒரு நுண்ணிய படலத்தின் வழியே தள்ளி உப்பைத் தடுப்பது) என்றால் என்ன, டிஐ (மிச்ச உப்பை ரெசின் மணிகளால் பிடித்தெடுப்பது) என்றால் என்ன என்பதையெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் பராமரிப்பு என்று வந்ததும் இரண்டே வரியில் முடித்துவிட்டார்: கடைசியில் வரும் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மீட்டரை வைத்துப் பாருங்கள், பூஜ்யம் என்றால் எல்லாம் சரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இந்த இரண்டு வரியை அப்படியே நம்பி நடப்பவருக்குப் பணம் வீணாகும், மெம்பிரேன் (ஆர்ஓவின் அந்தப் படலம்) வீணாகும், சில சமயம் மீனும் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

அந்தப் பூஜ்யத்தை முதலில் பார்ப்போம். வழக்கமான அமைப்பில் தண்ணீர் வண்டல் பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர், அடுத்து குளோரினை நீக்கும் கார்பன், அப்புறம் ஆர்ஓ மெம்பிரேன், கடைசியாக டிஐ ரெசின் என்று நான்கு இடங்களைத் தாண்டி வருகிறது. கடைசியில் காணும் பூஜ்யம் ரெசினின் வேலை. தனக்கு முன்னால் இருப்பவை ஒழுங்காக வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், கொள்ளளவு தீரும்வரை வருகிற உப்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு அது பூஜ்யத்தைத்தான் காட்டும். குழாயில் வருவது 400 டிடிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மெம்பிரேன் 97 சதவீதம் தடுத்தால் ரெசினுக்குப் போவது 12. அதே மெம்பிரேன் கெட்டுப்போய் 90 சதவீதம்தான் தடுக்கிறது என்றால் ரெசினுக்குப் போவது 40. இரண்டு நிலையிலும் கடைசி மீட்டர் பூஜ்யம்தான் சொல்லும், ஆனால் ரெசின் மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கும். வளர்ப்பவர் என்ன செய்வார்? இப்போதெல்லாம் ரெசினில் தரமே இல்லை என்று விற்றவரைத் திட்டிவிட்டு அடுத்த பாக்கெட்டை வாங்குவார். மாற்ற வேண்டியது மெம்பிரேன் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் மீட்டரை மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: உள்ளே வரும் தண்ணீர், மெம்பிரேனைத் தாண்டிய தண்ணீர், ரெசினைத் தாண்டிய தண்ணீர். உள்ளே வருவதிலிருந்து மெம்பிரேனைத் தாண்டி வந்ததைக் கழித்து, உள்ளே வந்ததால் வகுத்து, நூறால் பெருக்கினால் மெம்பிரேன் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்பது கிடைத்துவிடும். புதிதாகப் போட்ட நல்ல மெம்பிரேன் 96 முதல் 98 வரை காட்டும். அந்த முதல் கணக்கைத் தேதியோடு ஹவுசிங்கின் (மெம்பிரேன் இருக்கும் குடுவையின்) மேலேயே ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறகு வரும் எண்ணைத் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம். மெம்பிரேனுக்குப் பிறகு 25 என்றால் நல்லதா கெட்டதா என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. உள்ளே வருவது 900 என்றால் பிரமாதம், 150 என்றால் மெம்பிரேனைக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

இதை அளக்கும் நேரமும் முக்கியம். இயந்திரம் நின்றிருக்கும்போது மெம்பிரேனின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீரும் மறு பக்கம் சுத்தத் தண்ணீரும் அப்படியே தேங்கி நிற்கின்றன; தள்ளும் அழுத்தம் இல்லாததால் உப்பு மெல்ல மெல்லச் சுத்தமான பக்கத்துக்கு ஊடுருவிவிடுகிறது. அதனால்தான் காலையில் திறந்தவுடன் வரும் தண்ணீரில் மீட்டரை வைத்தால் 80, 100 என்று பயமுறுத்தும், சில நிமிடம் ஓடியபின் பார்த்தால் அமைதியாக 10க்கு வந்து நிற்கும். ஓடத் தொடங்கி பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அளப்பதுதான் மெம்பிரேனின் உண்மை நிலை. முதலில் வரும் அந்தத் தண்ணீரை ரெசினுக்குள் விடாமல் ஒரு சின்ன வால்வு போட்டு வெளியே தள்ளிவிட்டால் ரெசின் கணிசமாக நீடிக்கும். மிதவை வால்வு வைத்து, தொட்டியில் ஒரு குவளை குறைந்தவுடன் இயந்திரம் தானாக ஓடி நிரப்புவது போல் அமைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படி இரண்டு நிமிடம் ஓடுவது, நிற்பது, மறுபடி ஓடுவது என்றிருந்தால் ரெசினுக்குப் போவதெல்லாம் அந்த முதல் நிமிடத்து மோசமான தண்ணீர்தான். வாரத்துக்கு ஒருமுறை ஒரேயடியாக ஓடவிட்டு ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, அதிலிருந்து தொட்டிக்கு எடுப்பது எவ்வளவோ மேல்.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உப்பை எண்ணுவதில்லை, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. அந்தக் காரணி ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7, அதனால் இரண்டு வீட்டு மீட்டர்களின் எண்களை வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. ஒரே மீட்டரால் எல்லா இடத்திலும் அளந்தால் போதும், சதவீதக் கணக்கில் அந்தக் காரணி அடிபட்டுப்போகும். 342 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) சோடியம் குளோரைடு கரைசல் சின்னப் புட்டியில் கிடைக்கிறது, அவ்வப்போது அதில் முக்கிப் பார்த்துத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அளக்கும்போது பாத்திரம்தான் ஏமாற்றும்: கழுவிய கோப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று துளிக் குழாய்த் தண்ணீர் போதும், 50 மில்லி சுத்தத் தண்ணீரில் 1 என்று காட்டிவிடும். கோப்பையையும் மீட்டரின் முனையையும் அளக்கப்போகும் தண்ணீராலேயே இரண்டு மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். மற்றபடி மின்னூட்டம் இல்லாத எதையும் இந்த மீட்டர் பார்ப்பதில்லை. பூச்சிமருந்து, கரிமப் பொருட்கள், கரைந்திருக்கும் வாயுக்கள் எல்லாம் அதன் கண்ணில் படாது. குளோரினும் அப்படித்தான், குழாய்த் தண்ணீரில் இருக்கிற அளவு குளோரினை டிடிஎஸ் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாமல் போனது இந்தக் குளோரின் விஷயம்தான், எனக்கு வருத்தமே அதில்தான். 1950களின் கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் நம்மவரான சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செய்த செல்லுலோஸ் அசிடேட் படலம்தான் ஆர்ஓவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்தது (நம் பக்கத்துப் பெயர் ஒன்று இதன் தொடக்கத்தில் இருப்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்). அந்த வகைப் படலம் கொஞ்சம் குளோரினைத் தாங்கும். இன்று நாம் வாங்கிப் போடுவது அது இல்லை, 1970களில் ஜான் கடோட் உருவாக்கிய பாலிஅமைடு மெல்லிய படலத்தின் வழி வந்தவை. உப்பைத் தடுப்பதில் இவை கெட்டிக்காரத்தனமானவை, குளோரின் பட்டால் மட்டும் ஆகாது. 1 பிபிஎம் குளோரின் 200 முதல் 1000 மணி நேரம் பட்டாலே சிதையத் தொடங்கிவிடும் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு, 0.1 பிபிஎம்முக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அப்படிச் சிதைந்த மெம்பிரேனைக் கழுவி மீட்க முடியாது. ஆக, மெம்பிரேனின் ஆயுள் அதன் முன்னால் இருக்கும் கார்பனின் கையில் இருக்கிறது, அந்தக் கார்பன் தீர்ந்ததா இல்லையா என்பதை எந்த டிடிஎஸ் மீட்டரும் சொல்லாது.

சோதிப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் டெஸ்ட் கிட் இருந்தால் போதும். எங்கே பிடித்துச் சோதிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கழிவுக் குழாயில் பிடியுங்கள். கார்பனைத் தாண்டி மெம்பிரேனை உரசிக்கொண்டு நேராக வெளியே போகிற தண்ணீர் அது, ரெசின் எதுவும் குறுக்கே வருவதில்லை, எதையும் கழற்ற வேண்டியதும் இல்லை. இயந்திரம் கொஞ்ச நேரம் வழக்கமான வேகத்தில் ஓடிய பிறகுதான் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் கார்பனோடு தேங்கிக் கிடந்த தண்ணீரில் குளோரின் இருக்காது, தீர்ந்துபோன கார்பன்கூட அவ்வளவு நேரம் கிடைத்தால் வேலையை முடித்துவிடும். முதலில் கிட்டையே சோதித்துக்கொள்ளுங்கள்: குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் கிட்டில் வரும் டிபிடி மருந்தைப் போட்டுக் குலுக்கினால் இளஞ்சிவப்பு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மருந்து காலாவதி ஆகியிருக்கும், அல்லது அன்றைக்குத் தண்ணீரில் குளோரினே இல்லை. இரண்டில் எதுவானாலும் அன்றைய சோதனைக்கு மதிப்பில்லை. குழாய்த் தண்ணீர் சிவந்தால் அதன் பக்கத்திலேயே கழிவுக் குழாய்த் தண்ணீரையும் ஒரு குப்பியில் வைத்து அதே மருந்தைப் போட்டு, இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெளிந்த தண்ணீராகத் தெரிவது, மேலிருந்து பார்க்கும்போது குப்பியின் முழு ஆழமும் சேர்ந்து லேசான ரோஜா நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த லேசான நிறம் தெரிந்தாலே கார்பனை மாற்றிவிடலாம், ஆறு மாதம் ஆனதா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் போடுகிறார்கள், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. இது வெயிலில் வைத்தால் போகாது, ஒரு நாள் பிடித்து வைத்தாலும் போகாது. சாதாரணக் கார்பன் இதை உடைக்க அதிக நேரம் எடுக்கும், அதனால் இரண்டு கார்பன்களை வரிசையாக வைப்பது அல்லது குளோரமைனுக்கென்றே வரும் கேட்டலிட்டிக் கார்பனைப் போடுவது வழக்கம். கிட்டில் ‘ஃப்ரீ’ (தனித்த) குளோரின் மட்டும் பார்த்தால் இது அகப்படாது, ‘டோட்டல்’ (மொத்தக்) குளோரின் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: உடைந்தபின் மிச்சமாகும் அம்மோனியாவில் ஒரு பகுதி வாயு வடிவிலேயே மெம்பிரேனைத் தாண்டிவிடும், அதைப் பிடிப்பது கடைசி ரெசின்தான். டிஐ இல்லாமல் வெறும் ஆர்ஓ தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் அந்தத் தண்ணீரை ஒருமுறையாவது அம்மோனியா கிட்டில் பார்த்துவிடுவது நல்லது.

ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். அது யாருக்காகச் சொல்லப்பட்டதோ தெரியவில்லை. வாரத்துக்குப் பத்து லிட்டர் எடுக்கும் சின்ன இறால் தொட்டிக்காரருக்கும், வாரத்துக்கு நானூறு லிட்டர் எடுக்கும் கடல்மீன் தொட்டிக்காரருக்கும் ஒரே ஆறு மாதமா? ஒருவர் நல்ல ஃபில்டரைத் தூக்கிப் போடுவார், இன்னொருவர் செத்த ஃபில்டரை வைத்துக்கொண்டு மெம்பிரேனைக் கொல்வார். அதோடு கார்பனைக் கடப்பது நீங்கள் பிடித்த நல்ல தண்ணீர் மட்டும் இல்லை, கழிவாகப் போகும் தண்ணீரும் அதைக் கடந்துதான் போகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றால் கார்பன் பார்த்தது நான்கு லிட்டர். கார்பனின் உறையில் இத்தனை லிட்டர் வரை என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஸ்பன் ஃபில்டருக்கு இருப்பதிலேயே எளிய சோதனை பிரஷர் கேஜ், அதாவது அழுத்தமானி. இரண்டு முன் ஃபில்டர்களையும் தாண்டி, மெம்பிரேனுக்கு முன்னால் அதைப் பொருத்த வேண்டும். புது ஃபில்டர் போட்ட அன்றைக்கு 60 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டியது இப்போது 48 காட்டுகிறது, வரும் தண்ணீரின் வேகத்தில் மாற்றமில்லை என்றால் நடுவில் எங்கோ அடைப்பு. ஃபில்டர் வெள்ளையாக இருக்கிறதா பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்து மாற்றுவதைவிட இது நம்பகமானது; நிறம் மாறிப்போன ஸ்பன் பல சமயம் நன்றாகவே தண்ணீர் விடும், பார்க்க வெள்ளையாக இருப்பது நுண்ணிய களிமண்ணால் அடைத்திருக்கும். வீட்டு மெம்பிரேன்களைப் பெரும்பாலும் 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 25 டிகிரி தண்ணீரில் சோதித்துத்தான் அளவு எழுதுகிறார்கள். அழுத்தம் 40க்குக் கீழே போனால் தண்ணீரும் குறையும், உப்பைத் தடுக்கும் சதவீதமும் குறையும். உப்பு அதிகமுள்ள தண்ணீர் என்றால் இன்னும் மோசம், 1000 டிடிஎஸ்ஸுக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ வீதம் சவ்வூடு அழுத்தத்தை (தண்ணீரை உப்புப் பக்கமே திரும்ப இழுக்கும் அழுத்தத்தை) வெல்லவே போய்விடும். அங்கெல்லாம் மெம்பிரேனைக் குறை சொல்லிப் பயனில்லை, பூஸ்டர் பம்ப் போட்டால் அதே மெம்பிரேன் புதிது போல் வேலை செய்யும்.

கேஜ் வாங்க மனமில்லாதவர்களிடம் அளவுக் கோப்பையும் கைபேசிக் கடிகாரமும் இருக்குமே. நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு நிமிடம், கழிவுக் குழாயிலிருந்து ஒரு நிமிடம் பிடித்து மில்லியில் அளந்து பாருங்கள். 75 ஜிபிடி (நாளைக்கு இத்தனை கேலன்) என்று போட்ட மெம்பிரேன் சொன்ன நிலைமையில் நாளைக்குச் சுமார் 284 லிட்டர் தர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 197 மில்லி. உங்களுக்கு 120 வந்தால் உடனே பதற வேண்டாம். தண்ணீர் குளிரக் குளிர ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் குறையும், குளிர்காலத்தில் எல்லா மெம்பிரேனும் சோம்பேறிதான். அழுத்தமும் வெப்பமும் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் மெம்பிரேனில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கலாம். மாறாக, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக வந்து கூடவே டிடிஎஸ்ஸும் ஏறியிருந்தால் குளோரின் தின்றுவிட்டது என்று அர்த்தம், அல்லது மெம்பிரேனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சரியாக உட்காராமல் உப்புத் தண்ணீர் பக்கவாட்டில் நழுவுகிறது. புதிதாகப் போட்ட மெம்பிரேன் முதல் நாளே மோசமாகக் காட்டினால் அதைத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் வெளியே எடுத்து இன்னொரு தடவை நன்றாக அழுத்திச் சொருகிப் பாருங்கள், பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கழிவு வீணாகிறதே என்று கழிவுக் குழாயைத் திருகிக் குறைப்பவர்கள் நிறையப் பேர். மனம் நல்ல மனம்தான், ஆனால் அந்தக் கழிவுதான் மெம்பிரேனின் மேலிருந்து உப்பை வாரிக்கொண்டு போகிறது. நல்லது ஒரு பங்கு, கழிவு மூன்று பங்கு என்று ஓடினால் மெம்பிரேனின் வெளியேறும் முனையில் உப்பின் செறிவு உள்ளே வந்ததைப் போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். நல்லது மூன்று, கழிவு ஒன்று என்று மாற்றினால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிவிடும், கடினமான தண்ணீராக இருந்தால் கால்சியம் கார்பனேட் அங்கேயே கல்லாகப் படியும். மிச்சப்படுத்திய தண்ணீரின் விலையை அப்புறம் மெம்பிரேனாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கழிவைக் குறைப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்ளலாம்: 400 டிடிஎஸ் தண்ணீரிலிருந்து வரும் கழிவு சுமார் 530தான் இருக்கும், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் போதும். ஆப்பிரிக்கப் பெரிய ஏரிகளின் சிக்லிட் மீன்களை வளர்ப்பவர்கள் அதைத் தொட்டிக்கே விடுகிறார்கள், அந்த மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். நைட்ரேட்டையும் குளோரினையும் பார்த்துக்கொண்டால் சரி.

இனி ரெசின். கட்டுரையாளர் டிஐயை விளக்கும் இடத்தில், கடைசி மீட்டர் 10 வரும்வரை ஓட்டலாம் என்கிறார், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொள்ளளவு தீரும் ரெசின் எல்லா உப்பையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை, தளர்வாகப் பிடித்து வைத்திருப்பதை முதலில் விடும். அதில் முன்வரிசையில் நிற்பது சிலிக்கா. அழுத்தமாக ஒட்டும் அயனிகள் புதிதாக வந்து இடம் கேட்கும்போது, ஏற்கெனவே பிடித்த சிலிக்காவைக் கீழே தள்ளிவிட்டுத்தான் உட்காருகின்றன, அதனால் ரெசினுக்குள் போகும் தண்ணீரில் இருப்பதைவிட அதிகச் சிலிக்கா ரெசினிலிருந்து வெளியே வருவதுகூட நடக்கும். சிலிக்கா தண்ணீரில் பெரும்பகுதி மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால் மீட்டர் அப்போதும் 0, 1 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். விளைவு கண்ணாடியில் தெரியும், துடைத்த மறுநாளே பழுப்புத் தூள் போல் படியும் டயட்டம் பாசி. புதுத் தொட்டியில் அது சகஜம், சில வாரத்தில் போய்விடும். வருடக்கணக்காக ஓடும் தொட்டியில் திடீரென்று வந்தால் ரெசினைச் சந்தேகிக்கலாம். 0 என்று இருந்தது நிலையாக 1 ஆனவுடனேயே மாற்றுவது என்பதுதான் என் கொள்கை. இரண்டு ரெசின் குடுவைகளை வரிசையாக வைத்து நடுவில் மீட்டரை வைத்தால் முதல் குடுவை தீர்ந்த பிறகும் இரண்டாவது காப்பாற்றும், அப்போது இரண்டாவதை முதலாவது இடத்துக்கு நகர்த்திவிட்டுப் புதியதைப் பின்னால் வைக்கலாம்.

நிறம் மாறும் ரெசின் பார்க்க அழகாக இருக்கும், நீலம் கீழிருந்து மேலாக மெல்ல மஞ்சளாகி ஏறும். ஆனால் அந்தக் கோடு ஒரே மட்டமாக ஏறினால்தான் அதை நம்பலாம். குடுவையில் ரெசினைத் தளர்வாகக் கொட்டியிருந்தால் தண்ணீர் ஒரு ஓரமாக வழி பிடித்துக்கொண்டு போய்விடும், அந்த ஓரம் மட்டும் மேலேவரை மஞ்சள், மீதியெல்லாம் நீலமாக அப்படியே கிடக்கும். தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்பி, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுமாறு வைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்க்காரர்களுக்கு ரெசின் மாதக் கணக்கில் வராமல் வாரக் கணக்கில் தீர்வதுண்டு. கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு மெம்பிரேனை அப்படியே கடந்து வந்து ரெசினைத் தின்றுவிடுவதே பெரும்பாலும் காரணம். ஆர்ஓ தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் காற்றடித்துவிட்டு, அப்புறம் சின்னப் பம்ப் வைத்து ரெசின் வழியாக விட்டால் இது பெருமளவு குறையும்.

இன்னொன்று, இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது தேவைப்படும். சமையலறையில் இருக்கும் குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீரையே தொட்டிக்கும் எடுக்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. பல குடிநீர் இயந்திரங்களில் டிடிஎஸ் அட்ஜஸ்டர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், ருசிக்காக மெம்பிரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து நல்ல தண்ணீரோடு கலப்பதுதான் அதன் வேலை. மெம்பிரேன் எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் நீங்கள் பிடிப்பது கலந்த தண்ணீர். சில மாடல்களில் தாது சேர்க்கும் கேட்ரிஜ் இருக்கும், சிலவற்றில் செம்பு சேர்ப்பதும் உண்டு. மனிதர் குடிக்கும் அளவுச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம், மீன் தாங்கும் அளவைக்கூட அவை தாங்காது. அந்த இயந்திரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் மெம்பிரேனை விட்டு வெளியே வரும் குழாயில், மற்றவற்றோடு சேர்வதற்கு முன்னால், ஒரு ‘டி’ போட்டுத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் மாட்டுகிறவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. சுத்தத் தண்ணீர் போகும் வழியில் பித்தளைக் குழாயோ செம்புக் குழாயோ கூடாது. ரெசினைத் தாண்டிய தண்ணீர் பசியோடு இருக்கும், தொட்ட உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

சில்லறை வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். தானாக நிற்கும் வால்வு இருந்தால் நல்ல தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கழிவுக் குழாயைக் கவனியுங்கள், சில நிமிடத்தில் கழிவு நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வால்வோ, தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வோ போய்விட்டது, யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்கத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், வாசலின் வேண்டாம், அது சில வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். புதுக் கார்பன் போட்டால் முதலில் வரும் கரித்தூளை மெம்பிரேனுக்குள் விடாமல் வெளியே ஓடவிடுங்கள், புது மெம்பிரேனிலிருந்து முதல் ஒரு மணி நேரம் வரும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், அதில் கெடாமல் இருக்கப் போட்ட மருந்து இருக்கும். ஹவுசிங்கை மாற்றிப் பூட்டிய அன்றைக்கு அடியில் ஒரு தாளை விரித்துவைத்தால் மெல்லிய கசிவும் தெரிந்துவிடும். திறந்த பக்கெட்டில் குழாயைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மீன் வளர்க்கும் எல்லார் வீட்டிலும் இந்த வெள்ளம் ஒருமுறை வந்திருக்கும்.

பூஜ்யத் தண்ணீரை நன்னீர் மீனுக்கு அப்படியே ஊற்றக் கூடாது என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. கடல்நீர்த் தொட்டிக்கு உப்பு கலக்கும்போது தாதுக்கள் எல்லாம் வந்துவிடும், நன்னீர்த் தொட்டிக்கு ஜிஹெச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை), கேஹெச் (பிஹெச்சைத் தாங்கும் கார்பனேட்) இரண்டையும் நாம்தான் திருப்பிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் ஒரே இரவில் சரிந்துவிடும். பிடித்து வைத்த சுத்தத் தண்ணீரின் பிஹெச் 5.6 வரை இறங்கினால் பயப்பட வேண்டாம், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு கரைவதால் வருவது, உப்போ தாதுவோ சேர்த்ததும் போய்விடும். ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப மட்டும் பூஜ்யத் தண்ணீரை அப்படியே ஊற்றலாம், ஊற்றவும் வேண்டும்: 100 லிட்டர்த் தொட்டியில் தினமும் 2 லிட்டர் ஆவியாகி, அந்த இடத்தை 400 டிடிஎஸ் குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் மாதத்தில் 240 பிபிஎம் கூடுதலாகச் சேர்ந்துவிடும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தில் கார்பன் ஃபில்டரை மெம்பிரேனுக்குப் பிறகு காட்டியிருக்கிறீர்கள். குடிநீர் இயந்திரங்களில் ருசிக்காக அங்கே இன்னொரு சின்னக் கார்பன் இருப்பது உண்மைதான், படம் வரைந்தவர் அதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஆனால் படத்தில் மெம்பிரேனுக்கு முன்னால் கார்பனே இல்லை, அதைப் பார்த்து ஒருவர் குழாய்களை இணைத்தால் குளோரின் நேராக மெம்பிரேனில் போய்த்தான் விழும். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஸ்பன், கார்பன், மெம்பிரேன், ரெசின் என்ற வரிசையில் படத்தைத் திருத்தி வெளியிடுங்கள். இடமிருந்தால் கழிவுக் குழாயின் பக்கத்தில் ‘குளோரின் சோதனை இங்கே’ என்று ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர்